மனைத் தோட்டமும் மனைக்கோழியும்

தோற்றுவாய்

சோழர்தம் பழந்தலைநகராகிய உறையூருக்குக் 'கோழி' என்பதும் ஒரு பெயர். யானையை எதிர்த்து வென்ற சேவல் ஒன்றின் வீரத்தைக் கண்டு அவ்விடத்தே நகர் எடுத்தமையால் அப்பெயர் வாய்த்தது என்பது வழிவழி வந்த செய்தி. ஒரு பேரரசின் தலைநகருக்கே பெயர் தந்த பறவை, தமிழர்தம் இல்லங்களிலும் சிறப்பிடம் பெற்றிருந்தது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், முற்றத்தில் உலரும் உணவைக் கவர வந்த கோழியின்மீது மகளிர் தம் காதணியையே கழற்றி எறிந்த காட்சியைக் காட்டுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் அதனைப் பாடினார் என்பர். நாம் அதில் மற்றொன்றையும் காண்கின்றோம். பொன்னைக் கல்லெனக் கருதி எறியும் செல்வர் வீட்டு முற்றத்திலும் கோழி மேய்ந்துகொண்டிருந்தது என்பதே அது.

குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை வேளையில் வேலியோரம் காட்டுப்பூனை வரக்கண்ட தாய்க்கோழி, ஒடுங்குமிடம் அறியாது திகைக்கும் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியை உவமையாக்குகின்றார். வேலியும் மாலையும் பூனையும் குஞ்சும் அறிந்த ஒரு பெண்ணின் கண் அது. வீட்டை அடுத்த தோட்டத்திற்குப் 'படப்பை' என அழகியதொரு பெயரும் சங்க நூல்களில் உண்டு.

இன்றைய நிலை என்ன? காவிரிப் படுகையிலும் கடற்கரையோரத்திலும் உள்ள நம் ஊர்களில், தெருவாசலிலிருந்து கொல்லைக் கதவுவரை நீண்டு கிடந்த மனைகள் பல. வாசலுக்குத் திண்ணை எப்படியோ, அப்படியே வீட்டின் பின்புறத்திற்குக் கொல்லை. முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் அங்கே நின்றன. அவற்றினூடே கோழிகள் உலவின. கடல் கடந்து உழைத்து ஈட்டிய பொருளால் புதிய இல்லங்கள் எழுந்தபோது, அக்கொல்லைகளில் பல சிமெண்ட்டுத் தளங்களாயின. வீடு வளர்ந்தது, மண் மறைந்தது. அதனால் நாம் இழந்தது ஒரு பிடி கீரையும் ஒரு முட்டையும் மட்டும்தானா? இவ்வினாவுக்கு விடை காண்பதும், கொல்லை எஞ்சியிருப்போர் அதனை முறையாகப் பயன்கொள்ளும் வழியை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு

தோட்டத்தையும் கோழியையும் இருவேறு தொழில்களாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவை ஒரே வட்டத்தின் இரு பாதிகள். தோட்டத்தின் களையும், புழு அரித்த காயும், முற்றிய கீரைத் தண்டும், சமையலறையில் எஞ்சிய சோறும் கோழிக்கு உணவாகின்றன. கோழியின் எச்சம் மக்கிப் பயிருக்கு உரமாகின்றது. முட்டை ஓடு பொடியாகிக் கோழிக்கே சுண்ணாம்புச் சத்தாகத் திரும்புகின்றது. இவ்வட்டத்தில் குப்பைத் தொட்டிக்குச் செல்வது மிகச் சிறிதளவே.

மண்ணில் நிகழும் இவ்விணைப்பு உண்கலத்திலும் நிகழ்கின்றது. கோழிமுட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்தும் உண்டு. ஆனால் சி உயிர்ச்சத்து அதில் அறவே இல்லை. காய்களிலும் கீரைகளிலும் சி உயிர்ச்சத்து நிறைந்துள்ளது; பி12 இல்லை. ஒன்றில் இல்லாததை மற்றொன்று நிறைவு செய்வதைப் படைத்தவனின் ஏற்பாடு என்றே கொள்ளலாம்.

இந்நிறைவு இன்று எவ்வளவு தேவையானது என்பதற்கு ஒரு சான்று போதும். 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். இரத்தச்சோகைக்குக் காரணங்கள் பல. எனினும் உண்கலத்தில் கீரையும் முட்டையும் குறைவதும் அவற்றுள் ஒன்று. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாய். கடையில் வாங்கிய பண்டம் எஞ்சுவது அரிது. கொல்லையில் விளைந்தது எஞ்சும்.

இடமும் அமைப்பும்

ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இரண்டு சென்ட் நிலம் இருப்பின் நன்று. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே முப்பது அடி நீளமும் ஏறத்தாழ அதே அகலமும் கொண்ட இடமே நாம் கருதுவது. உலக நல்வாழ்வு நிறுவனம் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளை உண்ணவேண்டும் என்கின்றது. ஐவருக்கு அது 2 கிலோ. இரண்டு சென்ட் நிலம் இதனை முழுவதும் தந்துவிடும் என நாம் ஆசை காட்டவில்லை. நாள்தோறும் கீரையும், வாரத்தில் சில நாள்களுக்குக் காயும், என்றும் குறையாத கறிவேப்பிலையும் மிளகாயும் தரும். ஒரு சென்ட்டே உடையவரும் மனந்தளர வேண்டுவதில்லை. கீரைப் பாத்திகளும் ஒரு பந்தலும் அதற்குள் அடங்கும்.

அமைப்பில் கருதத்தக்கது வெயில். முருங்கை, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகிய நிலையான மரங்களை வடக்கு எல்லையில் வைத்தல் வேண்டும். நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் கதிரவன் தெற்குச் சாய்ந்தே செல்வதால், அவற்றின் நிழல் அப்போது பாத்திகளின்மேல் படாது. வேலியோரம் பந்தலிட்டுப் பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றைப் படரவிடலாம். நடுவிடத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, இடையே ஓரடி அகலத்தில் நடைவழி விடுதல் வேண்டும். கையை நீட்டினால் பாத்தியின் நடுப்பகுதி எட்டவேண்டும். பாத்திக்குள் கால் வைக்க நேரின் மண் இறுகிவிடும். கோழிக்கூட்டை ஒரு மூலையில் மர நிழலில் அமைக்கலாம். ஆனால் கிணற்றுக்கும் சமையலறைக்கும் தள்ளியே இருத்தல் நலம்.

பட்டமும் பயிரும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி நெல்லுக்கு மட்டும் உரியதன்று. காய்கறிக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் சிறந்தவை. ஆடியில் இட்ட அவரை மார்கழி, தை மாதங்களில் பந்தல் கொள்ளாது காய்க்கும். பகற்பொழுது குறுகும்போதே பூக்கும் இயல்பு அதற்கு உண்டு. காலந்தவறி இட்டால் கொடி மட்டுமே செழிக்கும். "எங்கள் அவரை பூக்கவே இல்லை" என்று வருந்துவோர் விதையை நோவதைவிட நாட்காட்டியை நோக்குதல் நன்று.

புதிதாகத் தொடங்குவோர் கீரையிலிருந்து தொடங்குக. முளைக்கீரை விதைத்த 21 முதல் 25 நாள்களுக்குள் பறிப்புக்கு வரும். ஒரே பாத்தியில் முழுவதையும் ஒருநாளில் விதைத்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் ஒரேயடியாகப் பறித்துத் தெருவெங்கும் பகிர்வது பலரும் செய்யும் பிழை. பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாள்களுக்கு ஒரு பகுதி என விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். அரைக்கீரையை வேரோடு பறிக்காமல் கிள்ளி எடுத்தால் மீண்டும் மீண்டும் தழைக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதை வேண்டா. கிள்ளிய தண்டை ஈரமண்ணில் ஊன்றினால் போதும்.

வெண்டை, கொத்தவரை ஆகியவற்றை நேரே விதைக்கலாம். வெண்டையை ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றினால் 45 நாள்களில் முதற்காய் காணலாம். இலை நரம்புகள் மஞ்சளாக மாறிய வெண்டைச் செடியைக் கண்டவுடன் பிடுங்கி எரித்துவிட வேண்டும். அது வெள்ளை ஈக்களால் பரவும் நோய். இரக்கம் காட்டி ஒரு செடியை விட்டுவைத்தால் பாத்தி முழுவதும் தொற்றும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டு நடுதல் வேண்டும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரியும் மிளகாயும் 35 நாளளவிலும் நடுதற்குரிய பருவம் எய்தும். நடவை மாலையில் செய்க.

கத்தரியில் தண்டு வாடித் தலைசாய்ந்தால் உள்ளே புழு துளைத்துள்ளது எனப் பொருள். அந்நுனியைக் கிள்ளிக் கோழிக்கு இடுக. செடியும் பிழைக்கும், கோழியும் மகிழும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறு ஏற்றது. 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். ஒரே பாத்தியில் மீண்டும் மீண்டும் கத்தரிக் குடும்பத்துப் பயிர்களையே நட்டால் மண்ணில் நோய் தங்கிவிடும். கத்தரிக்குப்பின் கொத்தவரையோ தட்டைப்பயறோ, அதன்பின் கீரை எனச் சுழற்றுக. பயறு வகைகள் தம் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்ப்பவை.

ஒளுவின் நீர்

"தண்ணீருக்கு எங்கே போவது?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் வினா. முஸ்லிம் இல்லத்தில் அதற்கு விடை நாள்தோறும் ஐந்து முறை ஓடிக்கொண்டிருக்கின்றது. ஐவர் ஐவேளையும் வீட்டில் ஒளுச் செய்கின்றனர் என்றும், ஒருவர் ஒருமுறைக்கு 2 லிட்டர் நீரே செலவிடுகின்றார் என்றும் கொள்வோம். ஒருநாளைக்கு அது 50 லிட்டர். சோப்பு கலவாத இந்நீரைச் சிறு வாய்க்கால் வழியே பாத்திகளுக்குத் திருப்பிவிட்டால் கீரைப் பாத்திகளுக்குப் பெருந்துணையாகும். பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் சேம்புக்கும் விடலாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரிலே, அதாவது இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு நீரிலே, ஒளுச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்கள் தரும் செய்தி. அந்த அளவை நாம் பின்பற்றினால் தோட்டத்திற்கு நீர் குறையுமே என எவரும் அஞ்ச வேண்டா. சிக்கனத்தால் மிஞ்சும் நீரும் தொட்டியிலேதான் இருக்கும்.

கோழியின் தேர்வும் கூடும்

கொல்லைக்கு ஏற்றது நாட்டுக்கோழியே. நாமக்கல் பகுதிப் பண்ணைகளில் கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். நாட்டுக்கோழியோ 60 முதல் 80 வரையே இடும். ஆயின் அப்பண்ணைக்கோழிக்கு அடைகாக்கும் இயல்பு பெரும்பாலும் இல்லை; தானே இரைதேடும் திறனும் குறைவு. நாட்டுக்கோழி தானே மேயும், தானே அடைகாக்கும், தன் குஞ்சுகளைத் தானே வளர்க்கும். நாட்டுக்கோழிகளில் பெருவிடை, சிறுவிடை என இருவகை கூறுவர். முட்டைக்கும் அடைக்கும் சிறுவிடையே ஏற்றது. அதற்கு வேண்டும் தீனியும் குறைவு. கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பர் அறிஞர். எனினும் அதன் மஞ்சள் நிறத் தோலுக்கும் காலுக்கும் உரிய மரபுக்கூறு, தென்னிந்தியக் காடுகளில் இன்றும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் வழி வந்தது என்பதை 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று. நம் கொல்லைக் கோழி இம்மண்ணுக்கு அயலன்று.

ஐந்து பேடையும் ஒரு சேவலும் ஒரு வீட்டிற்குப் போதும். ஐந்து பேடைகள் ஆண்டுக்கு 300 முதல் 400 முட்டைகள் தரும். அடைக்கு வைப்பது போக எஞ்சுவது வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும். இரவில் தங்கக் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி வீதம் இடம் வேண்டும். கூட்டின் தரை மண்ணிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருத்தல் வேண்டும். உள்ளே இரண்டடி உயரத்தில் மூங்கில் கழி ஒன்றைக் குறுக்கே கட்டினால் கோழிகள் அதன்மீது அமர்ந்து உறங்கும்; எச்சம் கீழே ஓரிடத்தில் விழும்; அள்ளுவதும் எளிது. இருள் சூழுமுன் கூட்டை மூடிவிட வேண்டும். மாசாத்தியார் கண்ட காட்டுப்பூனை இன்று அருகிப்போயிருக்கலாம்; கீரிப்பிள்ளையும் நாயும் இருக்கின்றன. மஃக்ரிபு பாங்கைக் கூட்டை மூடும் நேரமாகக் கொண்டால் மறதி நேராது.

அடைக்கு 10 முதல் 12 முட்டைகள் போதும். 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும். ஏழாம் நாள் இரவில் முட்டையைக் கைவிளக்கின்முன் பிடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலைபோல் நரம்புகள் தெரியும். தெளிவாக இருப்பது கருவில்லாதது. பொரித்த குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் காகத்திற்கும் பருந்துக்கும் தப்பும். நொய்யும் கம்பும் கேழ்வரகும் முதற் தீனி. பழைய மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்குத்துண்டும் இட்டு நீர் தெளித்துக் கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதனினும் சிறந்த புரதத் தீனி செலவின்றிக் கிடைப்பதில்லை. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் நஞ்சாகும். வீணாகின்றதே என்று அவற்றைக் கோழிக்கு இடலாகாது.

நோயும் காப்பும்

கொல்லைக் கோழியின் பெரும்பகை வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கேத் நோய். காலையில் இரைமேய்ந்த கோழி மாலையில் இறகு தொங்கி நிற்கும், வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும், மூச்சுக்குத் திணறும், சிலவற்றின் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒரு கூட்டில் புகுந்தால் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோகும். இதற்கு வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுப்பூசி உண்டு.

நாம் இதனைப் படித்தறிந்தோம் அல்லோம், இழந்து அறிந்தோம். ஒரு கோடையின் தொடக்கத்தில் நம் கொல்லையில் பதினான்கு கோழிகள் இருந்தன. தடுப்பூசி முகாம் நடக்கும் நாளை அறிந்தும், "அடுத்த வாரம் பார்க்கலாம்" எனத் தள்ளினோம். அடுத்த வாரத்தில் குழி தோண்டினோம். பத்து நாள்களில் எஞ்சியவை இரண்டு. வளர்த்தவை ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்திருந்த பிள்ளைகளுக்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை.

ஆகவே இதனை வலியுறுத்திக் கூறுகின்றோம். குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. அதன்பின் ஆண்டுதோறும் மறு ஊசி. தமிழ்நாட்டில் கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரித் திங்களில் இதற்கென இருவார முகாம்களை ஊர்தோறும் இலவசமாக நடத்தி வருகின்றது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னர்க் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் ஊசியின் பயன் மிகும். நோயுற்ற கோழியைத் தனியே பிரிக்க வேண்டும். இறந்ததைத் தெருவிலோ வாய்க்காலிலோ எறியாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். பல கோழிகள் ஒருசேர இறந்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே தெரிவிப்பது கடமை. நம் கூட்டு நோய் அண்டை வீட்டாரின் கூட்டுக்கும் செல்லும்.

வேலியின் இன்றியமையாமை

தோட்டமும் கோழியும் ஒரே வட்டம் என்றோம். ஆயின் இரண்டையும் ஒரே இடத்தில் கட்டின்றி விட்டால் வட்டம் உடையும். கோழிக்குக் கிளறுதல் இயற்கை. புதிதாக விதைத்த பாத்தி அதற்கு விருந்துமேடை. நாற்று நட்ட பாத்திக்கு வேலியின்றி ஒரு காலைப்பொழுது கோழியை விட்டுப் பார்ப்போர், நண்பகலில் வேரோடு கிடக்கும் நாற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பர். எனவே பாத்திகளைச் சுற்றி மூன்றடி உயர மூங்கிற் படலோ வலையோ வேண்டும்.

அவ்வாறாயின் கோழியைத் தோட்டத்துள் விடவே கூடாதா? விடலாம், காலமறிந்து. அறுவடை முடிந்த வெறும் பாத்தியில் இரு வாரம் கோழிகளை விட்டால், களையையும் புழுக்கூட்டையும் தாமே தின்று மண்ணைக் கிளறி எச்சத்தையும் இட்டுச்செல்லும். அதன்பின் சருகு மூடிச் சில வாரம் ஆறவிட்டு அடுத்த பயிர் செய்யலாம். வளர்ந்த செடிகள் உள்ள இடத்தில் அஸருக்குப்பின் ஒருமணி நேரம் விடலாம். அடையும் நேரம் நெருங்குவதால், கிளறுவதைவிடப் பூச்சி பிடிப்பதிலேயே அவை கருத்தாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் தாமே கூடு திரும்பும்.

எரு இடுவதிலும் பொறுமை வேண்டும். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி; புதிதாக இட்டால் வேரைக் கருக்கிவிடும். அவசரப்பட்டு மிளகாய் நாற்றுக்குப் புதிய எச்சத்தை இட்டு, மூன்றே நாளில் பாத்தி முழுவதையும் நாம் பறிகொடுத்ததுண்டு. ஒரு கூடை எச்சத்திற்கு இரண்டு மூன்று கூடைச் சருகு சேர்த்து, ஈரம் காயாமல் வைத்து, பதினைந்து நாளுக்கொருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனை வீசும் எருவாகும். நாற்றம் இருக்கும்வரை அது எருவன்று. கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்க்கும் மக்காத எச்சத்தை இடவே கூடாது. வயிற்றுநோய்க் கிருமிகள் அதில் உண்டு.

மார்க்கம் காட்டும் நெறி

ஒருவர் நட்ட மரத்திலோ விதைத்த பயிரிலோ மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படும் என்பது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து. கிளி கொத்திய பழத்தைக் கண்டு வருந்தும் தோட்டக்காரருக்கு இதனினும் ஆறுதல் வேறில்லை. சேவல் கூவக் கேட்டால் இறைவனின் அருளை வேண்டுமாறும் நபிகளார் அறிவுறுத்தியுள்ளார்கள்.

கோழி வளர்ப்போர் அறியவேண்டிய சட்டமும் உண்டு. அசுத்தத்தையே பெரிதும் தின்று வாழும் பிராணியை 'ஜல்லாலா' என்பர். அதனை உண்பதை நபிகளார் தடுத்துள்ளார்கள். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) அவர்கள் மூன்று நாள் அடைத்துவைத்துத் தூய தீனி இட்டபின்னரே உண்பார்கள் என்பது வரலாறு. சாக்கடையில் மேயும் கோழியை அன்றே அறுக்கும் பழக்கம் உடையோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தூய்மையைப் பற்றிய இவ்விதி உடல்நலத்தைப் பற்றிய விதியுமாகும். கோழியெச்சம் நஜீஸ் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் முடிபும் ஆதலால், தொழும் இடத்திற்கும் துணி உலர்த்தும் இடத்திற்கும் கோழி வாராமல் காப்பது வளர்ப்போர் பொறுப்பு. அண்டை வீட்டாரின் பாத்தியை நம் கோழி கிளறினால், "வாயில்லாச் சீவன்தானே" எனக் கூறித் தப்புதல் முறையன்று. பறித்த முதற் கீரையில் ஒரு கட்டு அவ்வீட்டிற்குச் செல்லுமாயின் அதுவே சிறந்த வேலி.

கைப்பொருள்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். கொல்லை மறைந்ததால் நாம் இழந்தது எது?

நம் பாட்டியாரை நாங்கள் 'நன்னி' என்றே அழைப்போம். எழுதப் படிக்க அறியாதவர். வீட்டின் வரவு செலவு அனைத்தும் ஆடவர் கையில் இருந்த காலம் அது. ஆனால் கொல்லைக் கதவின்மேல் இருந்த ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி மட்டும் நன்னிக்கு உரியது. முட்டை விற்ற காசும், முருங்கைக்காய் விற்ற காசும் அதில் விழும். அதில் எவ்வளவு இருக்கின்றது என நன்னா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆடவர் ஈட்டியதில் ஆடவருக்கும் பெண்டிர் ஈட்டியதில் பெண்டிருக்கும் பங்குண்டு என்பதைத் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 32ஆம் வசனம் உணர்த்துகின்றது. பெண்ணின் உடைமை பெண்ணுக்கே என்னும் அச்சட்டத்தை, நூல் ஏதும் படியாத நன்னி அத்தகரப் பெட்டியின் வாயிலாகவே நடைமுறையில் கண்டார்.

நாம் கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில், தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளில் வீட்டில் பணமில்லை. அத்தா ஊரில் இல்லை. கடன் கேட்க அம்மாவுக்கு மனமில்லை. நன்னி பெட்டியை இறக்கிப் பாயில் கவிழ்த்தார்கள். நாணயங்களாகவும் கசங்கிய தாள்களாகவும் எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கட்டணத்திற்குப் போதியது போக மூன்று ரூபாய் மிஞ்சியது. அதைப் பெட்டியில் திரும்பப் போட்டு, "இனி அடுத்த அடைக்கு இது வித்து" என்றார்கள்.

கொல்லையில் தளமிட்டபோது, அப்பெட்டிக்கு வரும் வழியும் அடைபட்டது என்பதை அன்று வீட்டில் எவரும் எண்ணவில்லை. நன்னியும் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. பின்னாளில் அவர்களுக்குத் தேவையான அனைத்தும் வாங்கித் தரப்பட்டன. கேட்டுப் பெறுவதற்கும், கையில் வைத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மிகத் தாமதமாகவே உணர்ந்தோம். தளத்தின் ஒரு பகுதியைப் பெயர்த்து மண் நிரப்பி நாம் மீண்டும் பாத்தி போட்டது அதன் பின்னர்தான்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், மனைத் தோட்டமும் மனைக்கோழியும் ஒன்றையொன்று தாங்குவன என்பதும், இடையே வேலியும் காலமும் பேணப்பட்டாலன்றி ஒன்றையொன்று அழிப்பன என்பதும், அவை தரும் சிறுபொருள் வீட்டுப் பெண்டிரின் உரிமைப் பொருள் என்பதும் விளங்கும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் பாட்டியாரிடம் அமர்ந்து, எந்தக் கீரையை எந்த மாதம் விதைத்தார்கள், அடைக்கோழியை எப்படி அறிந்தார்கள் எனக் கேளுங்கள். அவ்வறிவு எந்த நூலகத்திலும் முழுமையாக இல்லை. பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். புதிய இல்லம் எழுப்புங்கால், வரைபடத்தில் இரண்டு சென்ட் மண்ணை மண்ணாகவே விட்டுவையுங்கள். அதில் விளைவதன் பயனை வீட்டுப் பெண்டிர் கையில் விடுங்கள்.

விதைக்கும் கைகளிலும் அவை விதைக்கும் மண்ணிலும் வல்ல இறைவன் பரக்கத்தை நிறைப்பானாக! ஆமீன்.